எந்தப் படமும் இல்லாத பாட்டு: சென்னையில் முதல் இண்டி ஷோவுக்குப் போவது எப்படி

சென்னையில் பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் சபாவா, ஆர்கெஸ்ட்ராவா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, நாலு பேர் தாங்களே எழுதித் தாங்களே மெட்டுப் போட்ட பாட்டை ஒரு சின்ன ஹாலில் ஐம்பது அறுபது பேர் முன்னால் வாசிக்கப் போகிறார்கள் என்று விளக்கினால், "அது எந்தப் படம்?" என்பார் அம்மா. எந்தப் படமும் இல்லை, சினிமாவைச் சாராத இந்தச் சொந்தப் பாட்டைத்தான் இண்டி என்கிறோம். சிக்கலே அங்கேதான். நமக்கு ஒரு பாட்டு பிடிப்பதற்குள் அது டீக்கடை, கல்யாண மண்டபம், ஷேர் ஆட்டோ என்று நூறு இடத்தில் காதில் விழுந்திருக்கும், அப்புறம் அதை மேடையில் கேட்கும்போது பாதி நேரம் நம் ஞாபகத்தைத்தான் கேட்கிறோம். தெரியாத பாட்டை, தெரியாத குரலில், நின்றுகொண்டே கேட்பது தனிப் பழக்கம். கொஞ்சம் தயாராகப் போனால் முதல் தடவையே ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் "ஒரே சத்தம்பா" என்று திரும்பிவிடுவீர்கள். நான் முதல் இரண்டு தடவை அப்படித்தான் திரும்பினேன்.

முதல் படி: வீட்டிலேயே மூன்று பாட்டு

டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். போகப்போகிற பேண்டின் மூன்று பாட்டை, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேளுங்கள், அது போதும். முதல் தடவை பாத்திரம் தேய்த்துக்கொண்டோ பஸ்ஸிலோ கேளுங்கள். இரண்டாவது தடவை ஹெட்போனில், பாடுபவரை விட்டுவிட்டு, அடியில் தாழ்ந்த ஒலி தருகிற பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மேடைக்கு முன்னால் நிற்கும்போது முதலில் நெஞ்சில் வந்து இடிப்பது அதுதான், ஏற்கெனவே அறிமுகமாகி இருந்தால் நல்லது.

எந்த பேண்ட் என்றே தெரியாது என்றால், காதைப் பழக்கிக்கொள்ளச் சில பெயர்கள் தருகிறேன். ஸ்க்ராட் 2006 முதல் இருக்கிற சென்னை ராக் பேண்ட், ஆங்கிலத்தில் பாடுவார்கள். எஃப்16ஸ் 2012இல் தொடங்கியது, அதுவும் ஆங்கிலம், ஆனால் கால் தானாக ஆடும். தமிழில் வேண்டுமென்றால் ஊர்கா, குரங்கன். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து சாதியைப் பற்றி முகத்துக்கு நேராகப் பேச வேண்டுமென்றால் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017இல் உருவாக்கியது அது. முதல் கச்சேரி 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. இங்கே கேட்பவர்கள் சில வருடம் கழித்துத் தியேட்டர் டைட்டிலில் வருவதும் உண்டு. ஷான் ரோல்டன் சினிமாவுக்கு வருவதற்கு முன் நண்பர்களோடு பேண்ட் வைத்து வாசித்தவர், ஊர்காவின் பரத் சங்கர் இன்று படங்களுக்கு இசையமைக்கிறார். ஆனால் அதற்காகப் போகாதீர்கள். இங்கே வாசிக்கிற எல்லோரும் சினிமாவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைப்பது நம் ஊர் வியாதி.

இரண்டாம் படி: சேதியைப் பிடிப்பது

டிசம்பர் சீசனுக்குப் பத்திரிகையில் அட்டவணை வரும், புத்தகமே போடுவார்கள். இதற்கு அப்படி எதுவும் கிடையாது. எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான் நடக்கிறது, அதிலும் போஸ்டர் பல நேரம் ஸ்டோரியாக வந்து 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், பார்த்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிடித்த ஒரு பேண்டைப் பின்தொடருங்கள், அவர்கள் போஸ்டரில் டேக் செய்திருக்கிற மற்ற பேண்ட், இடம், போட்டோ எடுப்பவர், முக்கியமாக சவுண்ட் எஞ்சினியர், எல்லோரையும் பின்தொடருங்கள். சவுண்ட் எஞ்சினியர் ஏன் என்றால், ஒரு பேண்ட் மாதத்துக்கு ஒரு ஷோ பண்ணும், அவர் வாரத்துக்கு இரண்டு பண்ணுவார். புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் ஆப்களில் டிக்கெட் இருக்கும், ஆனால் தேடுவதற்கு அவை லாயக்கில்லை. ஸ்டாண்டப் காமெடிக்கும் மட்பாண்டப் பயிற்சிக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கும்.

காலண்டரில் குறித்துக்கொள்ளக்கூடியவையும் உண்டு. ஜூன் 21 உலக இசை நாள், 1982இல் பிரான்ஸில் தொடங்கியது, அதனால் அந்த நாளை ஒட்டி நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கிற அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம் ஒரு கண் வையுங்கள். ஜனவரியில் ஐஐடி மெட்ராஸின் சாரங் கலை விழா, டிசம்பரில் 2020 முதல் நீலம் நடத்துகிற 'மார்கழியில் மக்களிசை' விழா. கடைசி இரண்டும் பெரிய கூட்டம், சின்ன ஹால் அனுபவம் கிடைக்காது, ஆனால் பத்து குழுவை ஒரே மூச்சில் கேட்டு யார் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட வசதியான வழி கிடையாது.

மூன்றாம் படி: போஸ்டரை முழுசாகப் படிப்பது

இதைச் செய்யாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். சித்தி பையன் திருச்சியிலிருந்து வந்திருந்தான், 19 வயது, கிட்டார் பைத்தியம். ஒரு ஹோட்டலில் ஷோ, ஆன்லைனில் இரண்டு டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு, தம்பி உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போஸ்டரின் அடியில், எறும்பு சைஸில், 21+ என்று இருந்திருக்கிறது. இருவரும் மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். பணம் திரும்பவில்லை.

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் மது அருந்துவதற்கான வயது 21. டாஸ்மாக்கை விட்டால் பார் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டலுக்கும் கிளப்புக்கும்தான், அதனால் பெங்களூரு மாதிரி தெருமுனை பப் இங்கே கிடையாது, பார் ஷோ என்றால் ஏதாவது ஹோட்டலுக்குள்தான் இருக்கும். வயது குறைந்தவர்கள், அந்தச் சூழலே வேண்டாம் என்பவர்கள், கஃபே, கலாசார மையம், சின்ன நாடக அரங்கு, மொட்டை மாடி இவற்றைப் பார்த்துப் போகலாம். எனக்கும் அவைதான் பிடிக்கும். குடிக்க வந்த கூட்டத்துக்குப் பாட்டு ஊறுகாய் மாதிரி, கேட்க வந்த கூட்டம் வேறு.

பிறகு நேரம். ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, மூடிய அரங்குக்கு மட்டும் விலக்கு. ஆகவே மொட்டை மாடி, தோட்டம் என்றால் ஆறரை ஏழுக்கே ஆரம்பித்து 10க்கு முன் முடித்துவிடுவார்கள், ஹோட்டலுக்குள் என்றால் ஒன்பதுக்குத்தான் கிட்டாரை எடுப்பார்கள். நம்மூரில் எதுதான் சொன்ன நேரத்துக்கு நடக்கிறது என்று மாடி ஷோவுக்கு ஒன்பதரைக்குப் போனால் கடைசிப் பாட்டின் கடைசி வரிதான் கிடைக்கும்.

விலை பெரும்பாலும் ஒரு குடும்பம் மல்டிபிளக்ஸில் பாப்கார்னுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. 499 என்று போட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், இசை நிகழ்ச்சிக்கு 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கவர் சார்ஜ், அதாவது நுழைவுக் கட்டணம், என்று எழுதியிருந்தால் அந்தப் பணத்தைச் சாப்பாட்டில் கழித்துக்கொள்வார்களா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: போய்ச் சேருவது

பைக் வேண்டாம், ஆழ்வார்பேட்டை, அடையாறு சந்துகளில் நிறுத்த இடம் தேடியே முதல் இரண்டு பாட்டு போய்விடும். மெட்ரோவில் போய் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். இரவு கடைசி மெட்ரோ 11 மணியளவில், அன்றைய நேரத்தை ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்பதற்கேற்ற செருப்பு, பருத்திச் சட்டை. கறுப்பு டிஷர்ட் கட்டாயமா என்று கேட்பார்கள், இல்லை, வேட்டியில் வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: எங்கே நிற்பது

ஆர்வக்கோளாறில் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு, மேடைக்கு மூக்கு இடிக்கிற தூரத்தில் போய் நிற்பது. நானும்தான். சின்ன ஹாலில் டிரம்ஸுக்குப் பல நேரம் மைக்கே வைக்க மாட்டார்கள், அதன் சத்தமே போதும். கிட்டார் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியும் மேடையிலிருந்து நேராக அடிக்கும். ஆனால் பாடுகிறவரின் குரல் இரண்டு பக்கமும் வைத்திருக்கிற பெரிய ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும், அந்த ஸ்பீக்கர் உங்கள் தலைக்கு மேலாகவோ பக்கவாட்டிலோ பின்னால் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். விளைவு, மேடைக்கு ஒட்டி நிற்பவருக்கு டிரம்ஸின் சிம்பல் தட்டு மட்டும் காதைக் கிழிக்கும், வரி ஒன்றுகூடப் புரியாது. தமிழ்ப் பாட்டு என்றால் இது பெரிய நஷ்டம்.

ஹாலின் நீளத்தில் முக்கால் பங்கு தள்ளி, நடுவில், சவுண்ட் எஞ்சினியர் மிக்ஸர் என்கிற ஒலிப் பலகைக்கு முன்னால் குனிந்து நிற்பார். அவர் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அப்படித்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார், ஆக அவர் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் அந்த ஹாலிலேயே ஒழுங்கான சத்தம் உங்களுக்கு. அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், பாட்டு முடிந்த பிறகு ஒரு தலையசைப்பு போதும். மூலையில் நிற்க வேண்டாம், தாழ்ந்த ஒலிகள் சுவர் சேருகிற இடத்தில் குவியும், பேஸ் மட்டும் குடைந்துகொண்டே இருக்கும். இன்னொரு வேடிக்கை, ஷோவுக்கு முன் ஒலியைச் சரிபார்க்கிற சவுண்ட் செக் நடக்கும்போது ஹால் காலியாக இருக்கும், ஆள் நிறைந்த பிறகு நம் உடம்பும் துணியும் உச்ச ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் முதல் பாட்டு எப்போதும் கொஞ்சம் கொழகொழவென்றுதான் இருக்கும். அதை வைத்து பேண்டை எடை போடாதீர்கள், மூன்றாவது பாட்டுக்குள் மிக்ஸர் ஆள் சரிசெய்துவிடுவார்.

காதுக்குப் பஞ்சு இயர்பிளக் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும், ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்காவின் நையாஷ் (NIOSH) அமைப்பு சொல்கிற கணக்கு, மூன்று டெசிபல் கூடக்கூட அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். சின்ன ஹாலில் ராக் வாசித்தால் 100 சர்வசாதாரணம். மறுநாள் காதில் 'கொய்ங்' என்று கேட்டால் சாதித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை.

ஆறாம் படி: ஷோ நடக்கும்போது

முதலில் வாசிக்கிற பேண்டுக்கு முன்பே போய்விடுங்கள். சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டம் இங்கேயும் உண்டு, முதல் பேண்ட் வாசிக்கும்போது வெளியே நின்று சிகரெட் பிடிக்கும். ஆயிரம் பேர் கூட்டத்தில் ஒருவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. பதினைந்து பேர் முன்னால் வாசிக்கிற பையனுக்கு நீங்கள் வந்தது தெரியும், நிஜமாகவே முகத்தைப் பார்த்து வாசிப்பான்.

சினிமாப் பாட்டு கேட்காதீர்கள். "பாஸ், ஒரு ராஜா சார் பாட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எல்லா ஷோவிலும் வரும், அது நீங்களாக இருக்க வேண்டாம். நான் ராஜா சார் வெறியன், ஆனால் ஒருவர் வீட்டு ரசத்தைக் குடித்துக்கொண்டே சரவண பவன் சாம்பார் இருக்கிறதா என்று கேட்கலாமா? மெதுவான பாட்டில் பேசாதீர்கள், அறுபது பேர் ஹாலில் உங்கள் ஆபீஸ் கதை மேடை வரைக்கும் போகும். வீடியோ ஒரு பாட்டுக்கு எடுங்கள், அவர்களை டேக் பண்ணுங்கள், அது அவர்களுக்கும் உதவும், மற்ற நேரம் போன் பாக்கெட்டில். எப்போது கைதட்டுவது என்று குழம்பினால் டிரம்மரைப் பாருங்கள், குச்சியை மடியில் வைத்துவிட்டால் பாட்டு முடிந்தது.

ஏழாம் படி: முடிந்த பிறகு

கதவை நோக்கி ஓடாதீர்கள். டிக்கெட் பணத்தில் ஹால், சவுண்ட் வாடகை போக மிச்சம்தான் பேண்டுக்கு, அதையும் நாலாகப் பிரிக்க வேண்டும். டிஷர்ட், ஸ்டிக்கர் ஏதாவது மேஜையில் இருந்தால் வாங்குங்கள், அச்சுக் கூலி போக மீதி பெரும்பாலும் அவர்கள் கைக்கே போகும். கியூஆர் கோடு அங்கேயே ஒட்டியிருக்கும். இசைக்கலைஞர்கள் தங்கள் பாட்டை விற்கிற பேண்ட்கேம்ப் இணையதளத்தில் ஆல்பம் இருந்தால் அதுவும் நல்லது, அங்கே டிஜிட்டல் விற்பனைக்குத் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம்.

பேசத் தயக்கமாக இருந்தால் "சூப்பர் ப்ரோ" வேண்டாம், எந்தப் பாட்டு பிடித்தது என்று மட்டும் சொல்லுங்கள், பெயர் தெரியாவிட்டால் நாலாவதாக வாசித்தது என்றாலே அவர்களுக்குப் புரியும். அந்த நேரம் டிரம்மர் மட்டும் இன்னும் சிம்பலைக் கழற்றிக்கொண்டிருப்பார், எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்புகிறவர் அவர்தான். ஒரு ஸ்டாண்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஷோ எப்போது என்று கேளுங்கள். போஸ்டர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே தேதி உங்களுக்குக் கிடைத்துவிடும்.