ஜெர்மன் குடும்பப் பெயரை அதன் வாலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

'ஸ்கி' என்று முடிந்தால் ஸ்லாவ் (போலிஷ், ரஷ்யன் போன்ற மொழிகளின் குடும்பம்), 'மன்' என்று முடிந்தால் ஜெர்மன். ஜெர்மன் குடும்பப் பெயர்களைப் பார்க்கும்போது பலரும் இப்படித்தான் சட்டென்று முத்திரை குத்துகிறார்கள். 'ஸ்கி'யில் பெரும்பாலும் தப்பு வராது, மற்ற இடங்களில் நிறையவே சறுக்கும்.

ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 'இங்' என்ற முடிவு அசல் ஜெர்மன் போலவே இருக்கிறது. ஆனால் அந்த நாடகாசிரியர் 1729இல் பிறந்த காமென்ஸ் ஊர் லவுசிட்ஸ் பகுதியில் இருக்கிறது, சோர்பியர் என்னும் ஸ்லாவிய மக்கள் இன்றும் வாழும் மண் அது. காட்டில் குடியிருப்பவன் என்று பொருள்படும் 'லெஸ்னிக்' என்ற சோர்பியச் சொல்தான் ஜெர்மன் வாயில் லெஸ்ஸிங் ஆனது.

'கே' என்ற முடிவு இதைவிடக் குழப்பும். வில்கே என்பது வில்ஹெல்மைச் செல்லமாகச் சுருக்கிய வடஜெர்மன் வழக்கு, ராட்கே ஸ்லாவிய வேரிலிருந்து வந்தது, யான்கே இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். குடும்பம் எந்த ஊர் என்று தெரியாமல் இதில் வாயே திறக்கக்கூடாது என்பேன்.

ஏன் இவ்வளவு கலப்பு? எல்பே, ஸாலே ஆறுகளுக்குக் கிழக்கே முன்பு ஸ்லாவிய மொழி பேசியவர்கள்தான் பெரும்பான்மை. 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மன் பேசும் குடியானவர்கள் அங்கே திரளாக வந்து குடியேறினார்கள். சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் நிலைத்தது பெரும்பாலும் அதற்கப்புறம்தான். அதனால் ஸ்லாவியப் பெயர்கொண்ட கிராமத்தில் குடியேறிய ஜெர்மன்காரனுக்கும் அந்தக் கிராமத்தின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கலாம். பெயரின் மொழி வேறு, அதைச் சுமந்தவரின் வம்சம் வேறு. ஜெர்மன் தத்துவவாதி நீட்சேகூட இதில் தடுக்கி விழுந்தார். தன் முன்னோர் போலந்துப் பிரபுக்கள் என்று நம்பி எழுதியும் வைத்தார், ஆனால் வம்சாவளியைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது ஜெர்மன் முன்னோர்கள்தான். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள், அதில் பெயர் வந்தது ஒரே ஒருவரிடமிருந்து.

பழைய தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பெர்லின், ஷ்வெரின் போன்ற ஊர்ப்பெயர்களில் உள்ள 'இன்' ஸ்லாவிய முடிவு. ஆனால் பதிவேட்டில் 'முல்லரின்' என்று இருந்தால் அது ஸ்லாவியப் பெயர் இல்லை, முல்லர் குடும்பத்துப் பெண் என்று மட்டுமே பொருள். கவிஞர் அன்னா லூயிசா கார்ஷை 'கார்ஷின்' என்றே அழைத்தார்கள். அதைத் தனிக் குடும்பப் பெயராகக் குறித்துக்கொண்டு தேடினால் ஒரு கிளையே கையைவிட்டுப் போய்விடும்.

உச்சரிப்பு சின்ன விஷயம்தான்: 'ஓ' ஒலிக்குப் பின் கடைசியில் வரும் 'டபிள்யூ'வைப் படிக்காதீர்கள். பெர்லினில் உள்ள பகுதி பாங்கோ, பாங்கோவ் அல்ல.

கடைசியாக இன்னொரு தவறு, இன்றுள்ள பெயரைப் பழைய பெயர் என்று நம்பிவிடுவது. ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் அங்கேலா மெர்க்கெலின் 'மெர்க்கெல்' முதல் கணவர் வழி வந்தது. பிறந்த வீட்டுப் பெயர் காஸ்னர், கேட்டால் சுத்த ஜெர்மன் போலத்தான் இருக்கும். ஆனால் இன்றைய போலந்தில் உள்ள போஸ்னானில் பிறந்த அவருடைய தாத்தாவின் பெயர் காஸ்மியெர்ச்சாக், 1930இல்தான் குடும்பம் அதைக் காஸ்னர் என்று மாற்றிக்கொண்டது. காஸ்னர் என்ற சொல்லுக்கு மட்டும் வேர் தேடி உட்கார்ந்திருந்தால் போஸ்னான் பக்கமே போயிருக்க மாட்டோம்.