வீட்டு வேலைக்கு பேட்டரி மெஷின்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஆசாரி, பேட்டரி மெஷின் வாங்கிடலாமா, இல்ல வயர் மெஷினே போதுமா?" நான் மதுரைப் பக்கம் கதவு, அலமாரி, கிச்சன் வேலை செய்கிறவன். ரெண்டு வகையும் என் பெட்டியில் இருக்கிறது. ஒரு வேலையில் உங்கள் விரல் சுவிட்சை எவ்வளவு நேரம் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில நொடிகள் என்றால் பேட்டரி. நிமிடக்கணக்கில் என்றால் வயர்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. பேட்டரி மேல் 18 வோல்ட், 5 ஏஹெச் (Ah, ஆம்பியர் ஹவர்) என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 90 வாட் ஹவர். அதற்குள் இருக்கும் சரக்கு அவ்வளவுதான். சாதாரண நாலு இன்ச் கிரைண்டர் 850 வாட் இழுக்கும். அதே அளவு தொடர்ந்து இழுத்தால் அந்தப் பெரிய பேட்டரி ஆறு நிமிடத்தில் காலி. கூடவே வரும் சின்ன 2 ஆம்பியர் சார்ஜரில் அதைத் திரும்ப நிரப்ப இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஒரு ஸ்க்ரூவை முடுக்க ரெண்டு மூணு நொடி போதும். அதே 90 வாட் ஹவரை வைத்து ஒரு பெரிய அலமாரியையே மாட்டி முடித்துவிடலாம்.

அதனால் கீல் மாட்டுவது, டிராயர் சேனல் பிடிப்பது, ஃபால்ஸ் சீலிங்கில் ஜிப்சம் போர்டு அடிப்பது, சுவிட்ச் பாக்ஸ் ஸ்க்ரூ போடுவது எல்லாம் பேட்டரி ட்ரில்லுக்கே. குறிப்பாக ஏணி மேலோ சாரத்திலோ நின்று தலைக்கு மேல் வேலை செய்யும்போது வயர் காலில் சிக்காமல் இருப்பது பெரிய விஷயம். இன்னொரு லாபம், பிட்டைப் பிடிக்கும் சக் பின்னால் இருக்கும் எண் போட்ட வளையம். அதைத்தான் கிளட்ச் என்கிறோம், முடுக்கும் பலத்தை அதில்தான் வைக்கிறோம். பிளைவுட்டில் கீல் மாட்டும்போது முதலில் குறைந்த எண்ணில் வையுங்கள். ஸ்க்ரூ தலை மட்டத்துக்கு வருவதற்குள் 'டர்ர்' என்று கிளட்ச் நழுவினால் ஒரு எண் கூட்டுங்கள். தலை சரியாக உட்காரும் எண் கிடைத்ததும் அதிலேயே மீதியையும் போடுங்கள். எடுத்ததுமே முழு பலத்தில் முடுக்கினால் உள்ளே பிளைவுட் அரைபட்டு, ஸ்க்ரூ சும்மா சுற்றும். ஆறு மாதத்தில் கதவு தொங்கும்.

சுவரில் ஓட்டை போடுவதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். செங்கல் சுவரிலும் ஏஏசி பிளாக்கிலும் (எடை குறைந்த கான்கிரீட் கல்) சுத்தியல் படம் போட்ட பேட்டரி ட்ரில் 6 மி.மீ. ஓட்டையை சுலபமாகப் போட்டுவிடும். அதே ட்ரில்லை ஜன்னலுக்கு மேல் கர்ட்டன் ராடுக்காக வைத்தால், பூச்சு வரைக்கும் போய் நின்றுவிடும். அங்கே இருப்பது லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் உத்தரம். பிட் கீச்சிடும், நுனி நீலம் பாயும், மோட்டார் சுடும். அந்த இடத்தில் இன்னும் பலமாக அழுத்தாதீர்கள், நிறுத்திவிடுங்கள். கான்கிரீட்டுக்கு எஸ்டிஎஸ் பிட் (அடியில் காடி வெட்டிய, உள்ளே தள்ளினால் பூட்டிக்கொள்ளும் பிட்) போடும் ரோட்டரி ஹேமர் வேண்டும். அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்திப் பிட்டை அடிக்கிறது. ட்ரில்லின் ஹேமரில் பல்சக்கரங்கள் உரசி வரும் அதிர்வு மட்டும்தான். ஒரு வீட்டுக்கு 800 வாட் வயர் ரோட்டரி ஹேமர் ஒன்று போதும். இரும்புக் கம்பி தட்டுப்பட்டால் ஓட்டையைத் தள்ளிப் போடுங்கள். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் நேர் கீழும் எந்த மெஷினையும் வைக்காதீர்கள். வயர் பைப் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும்.

சுவரில் பைப் பதிக்கக் காடி வெட்டுவது, டைல்ஸ், கிரானைட் அறுப்பது, பட்டி கலக்குவது, ஏசி பைப்புக்குச் சுவரில் பெரிய வட்ட ஓட்டை (கோர்) எடுப்பது எல்லாம் வயர் மெஷின் வேலை. மேஸ்திரி காலையில் மார்பிள் கட்டரைக் கையில் எடுத்தால் டீ நேரம் வரை வைக்கமாட்டார். பேட்டரி கிரைண்டர் கிரில் வேலையில் ரெண்டு கம்பி நறுக்க நல்லது. அதற்கு மேல் அதை நம்பி ஒரு நாள் சம்பளம் கொடுத்து ஆள் வைக்காதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் பேட்டரிக்கு நான் பாதுகாப்பு மார்க்கே தனியாகக் கொடுப்பேன். கட்டுமான இடத்தில் பிளக் இல்லாமல் வயர் நுனியை நேராக சாக்கெட்டில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருப்பார்கள். கீழே க்யூரிங் தண்ணீர் தேங்கி நிற்கும். பார்க்கும்போதே எனக்கு வயிறு கலங்கும். வயர் மெஷின் ஓட்டும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, கிரைண்டர் ஓடும்போது கரண்ட் போனால் சுவிட்ச் லாக்கை எடுக்காமலே கீழே வைத்துவிடுவார்கள். கரண்ட் திரும்பியதும் அது தானாகச் சுற்றித் துள்ளும். பேட்டரி மெஷினில் அந்தப் பயம் இல்லை. ஆனால் அது எப்போதும் உயிரோடு இருக்கும் மெஷின். பிட்டோ பிளேடோ மாற்றும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சரி, கடைக்குப் போனால் 18, 20, 21 என்று வோல்ட் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்றுமே ஒன்றுதான். உள்ளே 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக இருக்கும், அது 18. முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 காட்டும், அது 21. எண்ணைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஏஹெச் எவ்வளவு, மோட்டார் பிரஷ்லெஸ்ஸா (கார்பன் பிரஷ் இல்லாததா), சர்வீஸ் உங்கள் ஊரில் உண்டா என்று கேளுங்கள். போஷ் பேட்டரி மக்கீட்டாவில் ஏறாது, மக்கீட்டா பேட்டரி டிவால்ட்டில் ஏறாது. முதலில் வாங்கும் மெஷினோடு அந்தக் கம்பெனி பேட்டரிக்கே கட்டுப்பட்டுவிடுகிறீர்கள். பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்த செட் ஒன்று முதலில் வாங்குங்கள். அப்புறம் அதே கம்பெனியில் வெறும் மெஷின் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். விலை குறைவு என்று டூப்ளிகேட் பேட்டரி பக்கம் போகவேண்டாம். சில மாதத்தில் உப்பிக்கொண்டு வந்து நிற்கும்.

பழுது பார்ப்பதில் வயர் மெஷின்தான் நமக்குச் சாதகம். கார்பன் பிரஷ் தேய்ந்தால் நீங்களே மாற்றலாம். மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) கருகினால் மதுரையில் கட்டிக் கொடுக்கக் கடை இருக்கிறது. பிரஷ்லெஸ் மெஷினில் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனால் பல நேரம் பாதி விலைக்கு மேல் கேட்பார்கள். தவிர, பேட்டரி சும்மா வைத்திருந்தாலும் வருஷத்துக்கு வருஷம் வலுவிழக்கும்.

நம்ம வெயிலில் அதைக் காப்பாற்றுவது தனி வேலை. சித்திரை, வைகாசியில் தளத்தின் மேல் வைத்துவிட்டு வராதீர்கள், பூட்டிய காருக்குள்ளும் வேண்டாம். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை நிழலில் ஆறவிட்டு அப்புறம் சார்ஜரில் போடுங்கள். சூடு இருக்கும்வரை நல்ல சார்ஜர் ஏற்றாமல் விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். சார்ஜர் கெட்டுப்போச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு பேட்டரி இருந்தால் ஒன்று வேலையில், ஒன்று சார்ஜில் என்று நாள் ஓடும்.

வீடு முடிந்து மெஷினை அலமாரியில் வைக்கும்போது பேட்டரியைத் தனியாகக் கழற்றி, பாதி சார்ஜில் வையுங்கள். ரெண்டு மூணு மாதத்துக்கு ஒருமுறை அதன் விளக்கை அழுத்திப் பார்த்து, ஒரே கோட்டுக்கு இறங்கியிருந்தால் பாதி அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.