எபாக்ஸி ரெசினில் நிறம் சேர்ப்பது எப்படி? ஒரு கோஸ்டர் செய்து பழகலாம்

எபாக்ஸி ரெசின் என்பது ஹார்ட்னர் என்ற திரவத்தோடு கலந்தால் கெட்டியாக இறுகும் திரவப் பிளாஸ்டிக். கோஸ்டர் என்பது டம்ளருக்கு அடியில் வைக்கும் சிறு தட்டு. 10 செ.மீ. விட்டம், 8 மி.மீ. ஆழம் உள்ள வட்டமான சிலிகான் மோல்டுக்கு (அச்சுக்கு) ஏறத்தாழ 70 கிராம் ரெசின் பிடிக்கும். கப்பில் ஒட்டுவதையும் சேர்த்து 75 கிராம் கலக்குங்கள்.

நைட்ரைல் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பவுடரைக் கையாளும்போது மாஸ்க் கட்டாயம்.

1. முதலில் நிறமில்லாமல் கலக்குங்கள்

உங்கள் பாட்டிலில் எடைக்கு 2:1 என்று இருந்தால் ரெசின் 50 கிராம், ஹார்ட்னர் 25 கிராம். கன அளவு விகிதமும் எடை விகிதமும் ஒன்றல்ல, லேபிளைக் கவனித்துப் படியுங்கள். கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து, 3 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். தொடக்கத்தில் உள்ளே மெல்லிய இழைகள் நெளிவது தெரியும். அவை முழுவதும் மறைந்து, கலவை கண்ணாடி போலத் தெளிந்தால்தான் சரியாகக் கலந்திருக்கிறது. முதலிலேயே நிறத்தைப் போட்டுவிட்டால் இந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் அங்கங்கே பிசுபிசுப்பு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கூடுதல் ஹார்ட்னர் விட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

2. நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்

ரெசினுக்கென்றே விற்கும் பிக்மென்ட் பேஸ்ட்தான் புதியவர்களுக்கு நல்லது. 75 கிராமுக்கு 1 முதல் 1.5 கிராம் போதும். மொத்த எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் ரெசின் இறுகாமல் மெத்தென்று நிற்கும். டூத்பிக் நுனியில் கொஞ்சமாக எடுத்துச் சேருங்கள்.

முத்துப் பளபளப்பு வேண்டுமென்றால் மைக்கா பவுடர், அரை டீஸ்பூன். கலந்து வைத்த ரெசினில் ஒரு ஸ்பூன் எடுத்து, அதில் தனியாகக் குழைத்துவிட்டுச் சேர்த்தால் கட்டி தட்டாது.

ஆல்கஹால் இங்க் ஒளி ஊடுருவும் நிறம் தரும், சில சொட்டுகளே போதும். ஆனால் வெயிலில் வெளிறிவிடும். எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் நெருப்பு டார்ச் (தீச்சுடர் வீசும் கருவி) கூடவே கூடாது.

அக்ரிலிக் பெயின்டில் தண்ணீர் இருப்பதால் கொஞ்சம் கூடினாலும் கலவை மங்கிப்போகும். அவசரத்துக்கு 2 கிராம் வரை சேர்க்கலாம். தண்ணீரில் கரைத்த ஃபுட் கலர் வேண்டவே வேண்டாம்.

3. நிறத்தைச் சோதியுங்கள்

கப்பில் கருநீலமாகத் தெரிவது 8 மி.மீ. ஆழத்தில் வெளிர்நீலமாகிவிடும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு தடவிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

4. ஊற்றுங்கள்

ஒரே நிறமென்றால் உடனே ஊற்றலாம். மைக்கா என்றாலோ, இரண்டு மூன்று நிறங்களை அருகருகே ஊற்றுவதென்றாலோ, தேன் பதம் வரும்வரை காத்திருங்கள். நீர்த்த ரெசினில் மைக்கா அடியில் படிந்துவிடும்; நிறங்களும் ஒன்றோடொன்று ஓடிக் கலங்கிப்போகும். எவ்வளவு நேரம் என்பது ரெசினையும் அறை வெப்பத்தையும் பொறுத்தது, அதனால் குச்சியைத் தூக்கிப் பதம் பாருங்கள். கப் சூடேறத் தொடங்கினால் காத்திருக்காமல் ஊற்றிவிடுங்கள். அதற்குமேல் அது வேகமாக இறுகும்.

மேலே வரும் குமிழிகளை, சூடான காற்று வீசும் ஹீட் கன்னால் ஓரிரு விநாடி வருடினால் போதும். நிறுத்திப் பிடித்தால் மோல்டு கெடும்.

5. காத்திருங்கள்

தூசி படாமல் மூடி வைத்து, 24 மணி நேரம் கழித்து மோல்டிலிருந்து எடுக்கலாம். முழுமையாக இறுக 72 மணி நேரமாவது ஆகும். அதன்பிறகும் சாதாரண ரெசின் 50–60 டிகிரியில் இளகும். கொதிக்கும் டீ டம்ளர் வைக்கத்தான் கோஸ்டர் என்றால், வெப்பம் தாங்கும் ரெசினாகப் பார்த்து வாங்குங்கள்.

மீந்த கலவையை சிங்க்கில் கொட்டாதீர்கள். கப்பிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.