வாயு என்று ஒதுக்கிவிடாதீர்கள்: மாரடைப்பை அறிவதும் உடனே செய்ய வேண்டியதும்

கடுமையான மாரடைப்பு பெரும்பாலும் சுருக்கென்று குத்தும் வலியாக வருவதில்லை. நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை ஏற்றி வைத்தது போன்ற பாரமாகவோ, இறுக்கிப் பிழிவது போலவோ தொடங்கிச் சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும், அல்லது விட்டுவிட்டு வரும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பலர் விரலால் ஓரிடத்தைச் சுட்டாமல், மூடிய கையை நெஞ்செலும்பின் மேல் அழுத்திக் காட்டுவார்கள். வலி தோள், கை, தாடை, முதுகு வரை பரவலாம். சட்டை நனையும் அளவுக்குச் சில்லென்று வியர்த்துக் கொட்டலாம்.

முதியவர்களுக்கும் பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், மேல்வயிற்று எரிச்சல், காரணம் புரியாத அசதி என்று மட்டும் வரக்கூடும். வாயுத்தொல்லைதான் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவதை நினைத்தால்தான் எனக்கு மிகவும் அச்சமாக இருக்கிறது. இதயத்தின் ரத்தக்குழாயை உறைகட்டி அடைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை மடிந்துகொண்டே போகிறது.

ஐயம் எழுந்த உடனேயே ஆம்புலன்ஸை அழையுங்கள். நோயாளியை நடக்கவோ, மாடிப்படி இறங்கவோ, தானே வண்டி ஓட்டவோ விடாதீர்கள். முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்கார வையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவுச் சிக்கலோ இல்லாதவர் என்றால், அழைப்பை எடுப்பவரிடம் கேட்டுக்கொண்டு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யலாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை, அது மருத்துவர் எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். பலமாக இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்பது வெறும் வதந்தி.

நினைவிழந்து, மூச்சும் நின்றுவிட்டால், அல்லது இடைவெளி விட்டு ஏங்குவது போல மட்டும் மூச்சு இழுத்தால், இதயம் நின்றுவிட்டதாகவே கருதுங்கள். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுமையாக மேலெழ விடுங்கள். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். அருகில் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி (AED) இருந்தால் ஒருவரை அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். அந்தக் கருவி குரலில் சொல்வதை அப்படியே செய்தால் போதும்.

மருத்துவமனையில் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கப்பட வேண்டும். அடைப்பு உறுதியானால், மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியே முதல் தேர்வு. அதை 120 நிமிடத்துக்குள் செய்ய வழியில்லையென்றால், உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை, அதைப் போடக்கூடாத காரணம் ஏதும் இல்லாதவர்களுக்குப் போடுவார்கள். வலி எப்போது தொடங்கியது என்ற நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அது தேவைப்படும். முதல் ஈசிஜி சரியாக இருக்கிறது என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், ஏனெனில் இதயத்தசை பாதிக்கப்படும்போது கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் உயர்வது தெரியச் சில மணி நேரம் ஆகலாம். மறு ஈசிஜியும் மறு ரத்தப் பரிசோதனையும் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.