வங்கி ஏலத்தில் பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு

தவணை கட்டத் தவறியவர்களிடமிருந்து வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கைப்பற்றும் கார்கள், யார்டுகளில் நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னர் ஏலத்துக்கு வருகின்றன. வெளிச்சந்தையைவிடக் குறைந்த விலைக்கு அவை கிடைப்பது உண்மைதான். ஆனால் ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனையின்பேரில்தான் விற்கப்படுகின்றன என்பதால், எடுத்தபின் என்ஜின் கோளாறு என்று போய் நின்றால் கேட்பாரில்லை. லாபமும் நட்டமும், ஏலத்துக்கு முன்பு வண்டியைப் பார்க்கப் போகும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன.

அந்த நாளில், கூலி கொடுத்தாவது நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பொதுவாக ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். பல மாதங்கள் நின்ற வண்டியில் பேட்டரியும் இறங்கியிருக்கும். எனவே வேறு பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுவது நல்லது. என்ஜின் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் காட்டும் வண்டியில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டரை நம்ப வேண்டாம்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டியை வெளியே எவ்வளவு பளபளப்பாக்கினாலும், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை ஒரு கோடாகத் தெரியக்கூடும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துருவையும் பாருங்கள். நான் பார்த்த ஒரு காரில், மேல்விரிப்பு புத்தம் புதிதாக இருக்க, ஸ்டெப்னிக்கு அடியில் காய்ந்த வண்டல் அரை அங்குலம் படிந்திருந்தது. சந்தேகம் வந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். நனைந்த மின்னிணைப்புகள் தரும் தொல்லைக்கு முடிவே இருக்காது.

அடுத்து ஆவணங்கள். வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் இட்டால், பதிவு நாள், காப்பீட்டுக் காலம், எந்த நிறுவனத்தின் கடன் நிலுவையில் உள்ளது என்பன தெரியவரும்; போக்குவரத்து அபராதப் பாக்கியை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பொறித்துள்ள 17 இலக்க எண்ணை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அசல் ஆர்.சி. பழைய உரிமையாளரிடமே தங்கிவிட்டிருந்தால், படிவம் 36 மூலம் வங்கி தன் பெயரில் புதிய ஆர்.சி. பெற்றுத் தருமா என்பதை ஏலத்துக்கு முன்பே எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களும், கடன் நீக்கத்துக்கான படிவம் 35-ம், தடையில்லாச் சான்றும் இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேலை நகராது. காவல்துறை பறிமுதல் செய்து அரசு ஏலம் விடும் வாகனம் என்றால் வழி வேறு: வண்டியைப் பெற்ற 30 நாட்களுக்குள் படிவம் 32-இல் விண்ணப்பிக்க வேண்டும்.

இனி விலை. அதே மாடல், அதே ஆண்டு வண்டியின் வெளிச்சந்தை விலையிலிருந்து பழுதுச் செலவு, ஏலக் கட்டணம், ஜி.எஸ்.டி., யார்டு வாடகை, அபராதப் பாக்கி, இரண்டாவது சாவி, காப்பீடு, பெயர் மாற்றச் செலவு அனைத்தையும் கழியுங்கள். சந்தையில் 4 லட்சம் போகும் காருக்கு இவை 90 ஆயிரம் ஆகுமானால் 3 லட்சத்து 10 ஆயிரத்துக்கு மேல் கேட்பதில் பொருளில்லை. மறைந்திருக்கும் பழுதுக்காக இன்னும் சற்றுக் குறைத்தே எல்லை வகுப்பேன். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் ஏலத்தின் கடைசி நிமிடங்களில் ஆயிரம் ஆயிரமாக ஏறும்போது, போட்டி மனப்பான்மை அந்த எல்லையைத் தாண்ட வைத்துவிடும்.

அதிக விலை கேட்டவருக்கும் வங்கியின் ஒப்புதல் வந்த பிறகே விற்பனை உறுதியாகும். உறுதியானபின் கெடுவுக்குள் முழுத்தொகை கட்டாவிட்டால் ஏலத்தில் சேரக் கட்டிய முன்வைப்புத் தொகை பறிபோகும் என்பதால், பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டே ஏலத்தில் இறங்குங்கள். காப்பீடு காலாவதியாகியிருந்தால், புதிய பாலிசி கைக்கு வரும்வரை காரை ஓட்டி வராமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள்.