பதினொன்றுக்கும் தூங்காத பிள்ளையைத் தூங்க வைக்க

நான் முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவள். என் மகனுக்கு ஆட்டிசம். பேச்சு அதிகம் வராது. ராத்திரி தூங்காத பிள்ளையோடு அல்லாடுகிறவர்களுக்கு நான் சொல்வது: படுக்கிற நேரத்தை அப்புறம் பார்க்கலாம், எழுப்புகிற நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

பதினொன்றுக்குத் தூங்குகிற பிள்ளையை ஒன்பதுக்கே பாயில் போட்டால் மல்லுக்கட்டுதான் மிச்சம். பிறகு பாயைக் கண்டாலே அழும். பதினொன்றுக்கே படுக்கட்டும். ஆனால் எப்போது தூங்கினாலும் காலை 6.30க்கு எழுப்பிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஆச்சிமார் "பாவம், இன்னும் செத்த நேரம் கிடக்கட்டுமே" என்பார்கள். அங்கே மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. படுத்ததும் தூங்கப் பழகியபின், சில நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்க வையுங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதை எட்டும்வரை இப்படியே போகலாம்.

டிவி, போன் எல்லாம் படுக்க ஒரு மணி நேரம் முன்பே அணைய வேண்டும். அந்த வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதைக் குறைக்கும். சாயங்காலம் டீ, காப்பி வேண்டாம், பால் போதும்.

எங்களுக்குப் பட்டாசல் (வீட்டின் கூடம்) ஒன்றுதான் எல்லாவற்றுக்கும். இலை வெட்டுகிற கத்தரிச் சத்தமும் தூள் நெடியும் அவனுக்கு ஆகாது என்பதால் பீடித்தட்டு ராத்திரியில் தார்சாவுக்கு, அதாவது வெளித்திண்ணைப் பக்கம், போய்விடும். பத்தமடைப் பாயின் வரியை விரலால் நெருடிக்கொண்டே கிடப்பான். அதே வரி கழுத்தில் பட்டால் எழுந்துவிடுவான். அதனால் தலைப்பக்கம் மட்டும் பழைய நூல் சேலையை மடித்துப் போடுவேன். சட்டைக் காலர் லேபிளை வெட்டிவிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு உறுத்துவது வேறாக இருக்கும். உட்கார்ந்து கவனித்தால்தான் தெரியும்.

பல் தேய்ப்பது, உடுப்பு மாற்றுவது, விளக்கணைப்பது, இதற்கெல்லாம் போட்டோ எடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். வாயால் பத்துத் தடவை சொல்வதைவிடப் படம் சீக்கிரம் புரியும்.

கனமான போர்வை வாங்கச் சொல்வார்கள். 2014இல் பிரிட்டனில் ஆட்டிசக் குழந்தைகளிடம் சோதித்ததில் தூக்கம் கூடவில்லை. நம்மூர் வெக்கையில் அது எதற்கு?

கோயில் கொடைத் திருவிழா வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. விடிய விடிய வில்லுப்பாட்டும் ஸ்பீக்கரும்தான். முடிந்தால் அந்த இரண்டு ராத்திரி சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள், அவன் பாயோடு.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல், பல்வலி, நெஞ்செரிச்சல், இரும்புச்சத்துக் குறைவு எல்லாமே தூக்கத்தைக் கெடுக்கும்; பேசாத பிள்ளை எப்படிச் சொல்லும்? மெலடோனின் மாத்திரையும் டாக்டர் எழுதித் தந்தால் மட்டும்தான். குறட்டை விட்டாலோ தூக்கத்தில் கை கால் வெட்டினாலோ போனில் வீடியோ எடுத்துவைத்து, மறுநாளே கொண்டுபோய்க் காட்டுங்கள். வெட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வீடியோவை விட்டுவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.