மைக்கோடு உகாண்டா, கென்யா போகிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் பாரம்பரிய இசையைப் பதிவு செய்ய ஆசைப்பட்டு வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நல்ல விஷயம்தான், கையடக்க ரெக்கார்டரின் விலை இறங்கிவிட்டது, வண்டி போகாத ஊருக்குக்கூட "போடா போடா" என்று அங்கே சொல்கிற வாடகை மோட்டார் பைக்கில் ஏறிப் போய்விடலாம். ஆனால் இவர்களோடு கூடப் போய்வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஒவ்வொரு குழுவும் நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்கிறது.

பேட்டரி மறப்பது, கார்டு நிரம்பிப்போவது, ஹெட்போன் போடாமல் பதிவு செய்வது, இவற்றை எல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் யாரும் தானாகத் திருந்திவிடுவார்கள். பட்டதே தெரியாமல் போகிற தவறுகள்தான் ஆபத்தானவை. வீட்டுக்கு வந்து கேட்டால் ஒலி பிரமாதமாக இருக்கும், நண்பர்கள் பாராட்டுவார்கள், பத்து வருடம் கழித்து அந்தப் பாட்டை யாராவது திரும்ப வாசிக்க முயலும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும்.

ஆட்டோ லெவல்

ஒலி அளவை ரெக்கார்டர் தானாகவே கூட்டிக் குறைக்கிற வசதி இது. அணைத்துவிடுங்கள். எந்த ரெக்கார்டராக இருந்தாலும் சரி.

தொடக்கத்தை விட்டுவிடுவது

இதைப் பற்றிப் பேசத்தான் உட்கார்ந்தேன், அதனால் கொஞ்சம் நீளும்.

உகாண்டாவின் புகாண்டா பகுதியில் அமடிண்டா என்று ஒரு வாத்தியம். இரண்டு வாழைத்தண்டுகளைத் தரையில் போட்டு, அவற்றின் மேல் குறுக்காக 12 மரக்கட்டைகளை அடுக்கி, மூன்று பேர் உட்கார்ந்து கட்டைகளின் நுனியில் குச்சியால் தட்டி வாசிப்பார்கள். எதிரெதிரே இருவர். முதலாமவர் சீரான வேகத்தில் ஒரு சுர வரிசையைத் தொடங்குவார். அவருடைய இரண்டு தட்டுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில், சரியாகப் பாதியில், இரண்டாமவர் தன்னுடைய வரிசையை நுழைப்பார். மூன்றாமவருக்கு உச்சியில் இருக்கும் கடைசி இரண்டு கட்டைகள் மட்டும்தான். மற்ற இருவரும் வாசிப்பதில் எப்போதெல்லாம் மிகத் தாழ்ந்த இரண்டு கட்டைகளில் அடி விழுகிறதோ அதை மட்டும் காதால் பொறுக்கி, இரண்டு ஸ்தாயி மேலே அதையே தட்டுவார்.

எல்லாம் சேர்ந்து ஓடும்போது நொடிக்கு எட்டு, ஒன்பது தட்டு விழும். அந்த வேகத்தில் நம் காது எது யாருடைய கை என்று பிரிக்காது. உயர்ந்த சுரங்களை ஒரு மெட்டாகவும் தாழ்ந்தவற்றை இன்னொரு மெட்டாகவும் தானாகக் கோத்துக்கொள்ளும். அப்படிக் காதில் விழும் மெட்டை அங்கே உட்கார்ந்திருக்கும் மூவரில் ஒருவர்கூடத் தனியாக வாசிக்கவில்லை. சிக்குக் கோலம் போட்டு முடித்த பிறகு பார்த்தால் கோடு எங்கே தொடங்கியது என்று தெரியாதல்லவா, அதே கதைதான்.

தாளம் இதைவிடச் சிக்கல். முதலாமவர் தன் தட்டுதான் அடி என்று உணர்கிறார், இரண்டாமவர் தன் தட்டுதான் அடி என்று உணர்கிறார், இரண்டும் அவரவர் அளவில் சரி. வெளியிலிருந்து கேட்கிற நமக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியாது. கெர்ஹார்ட் குபிக் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் 1959, 60 வாக்கில் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு வந்து, புகாண்டா அரசவையோடு தொடர்புடைய எவரிஸ்டோ முயிண்டாவிடம் பாடம் கேட்டு, தானே குச்சியைப் பிடித்து வாசித்துப் பார்த்துத்தான் இதையெல்லாம் விளங்கிக்கொண்டு எழுதினார். ஒலிப்பதிவை மட்டும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் பிடிபட்டிருக்காது.

அப்படியென்றால் பதிவிலிருந்து பாட்டை மீட்க வழியே இல்லையா? ஒரு வழி உண்டு, அது பாட்டின் முதல் சில நொடிகளில் இருக்கிறது. வழக்கமாக முதலாமவர் தனியாக ஆரம்பித்து ஓட்டுவார், அப்புறம் இரண்டாமவர் நுழைவார், அதற்கப்புறம்தான் மூன்றாமவர். அந்தத் தொடக்கத்தில் மட்டும்தான் முதல் பாகம் சுத்தமாகக் காதில் விழும், இரண்டாவது எந்த இடத்தில் நுழைகிறது என்பதும் தெரியும். நம் புதியவர்கள் என்ன செய்கிறார்கள்? "சூடு பிடிக்கட்டும்" என்று காத்திருந்து பட்டனை அழுத்துகிறார்கள். இன்னும் சிலர் முழுவதையும் பதிவு செய்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து, ஆரம்பம் சலிப்பாக இருக்கிறது என்று அதை வெட்டி, ஒலி மெல்ல எழும்படி அழகாக ஃபேட் இன் வைக்கிறார்கள்.

கம்பாலாவுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் ஒரு பழைய பாட்டை எடுத்துப் பயில ஆசைப்பட்டார்கள். வெளிநாட்டுப் பணத்தில் நடந்த ஒரு திட்டம் அந்தப் பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்தது, கேட்டதும் கொடுத்தார்கள். நல்ல மைக், நல்ல இடம், காற்றுச் சத்தமே இல்லை. ஆனால் முழு வேகத்தில்தான் பாட்டு உள்ளே வருகிறது, ஃபேட் இன் உபயம். மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மதியம் முழுக்க வாதாடினார்கள், ஒரு கட்சிக்கு அடி இங்கே, இன்னொரு கட்சிக்கு அடி அங்கே, இரண்டு பேர் வாசித்ததும் பதிவோடு ஒத்துப்போவதாகத்தான் கேட்டது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். பதிவு செய்தவரைப் போனில் பிடித்து வெட்டாத ஃபைல் இருக்கிறதா என்று கேட்டேன். ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை, அழித்துவிட்டோம் என்று சாதாரணமாகச் சொன்னார். இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை.

திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் புகாண்டாவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1966 மே மாதம் மெங்கோவில் இருந்த அரண்மனையை அரசாங்கப் படை தாக்கியது, கபாகா, அதாவது புகாண்டா மன்னர், தப்பி ஓடினார், அடுத்த வருடம் உகாண்டாவின் பாரம்பரிய மன்னராட்சிகளே ஒழிக்கப்பட்டன. 1993-ல்தான் அவை திரும்ப வந்தன. இடைப்பட்ட காலத்தில் அரண்மனைக் கலைஞர்கள் சிதறிப் போனார்கள். என்டெங்கா என்ற, சுருதி சேர்த்த மேள வரிசை, 15 மேளங்கள், ஆறு பேர் வாசிப்பது, அரண்மனைக்கு மட்டுமே உரியது, ஊரில் வேறு எங்கும் கிடையாது. அரண்மனை போனதும் அதுவும் ஏறக்குறைய போய்விட்டது. பக்கத்து புசோகாவில் பிக்வாலா என்ற சுரைக்காய் எக்காளங்கள் இருக்கின்றன. ஒரு எக்காளத்துக்கு ஒரே ஒரு சுரம்தான், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் முறை வைத்து ஊதினால்தான் மெட்டு. 2012-ல் யுனெஸ்கோ அதை உடனடியாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தபோது மிஞ்சியிருந்த மூத்த கலைஞர்கள் நான்கே பேர். அங்கேயும் மொத்தமாக ஊதுவதை மட்டும் பதிவு செய்துகொண்டு வந்தால் இதே கதிதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. கலைஞர்கள் உட்காரும்போதே பட்டனை அழுத்துங்கள், அவர்கள் எழுந்து போகும்வரை நிறுத்தாதீர்கள், நடுவில் பேசுவதும் சிரிப்பதும் திட்டுவதும் எல்லாம் இருக்கட்டும். முழுப் பாட்டு முடிந்த பிறகு முதலாமவரைத் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்து இரண்டாமவர். பெரும்பாலும் அவர் தடுமாறுவார், சிரிப்பு வரும், ஏனென்றால் எதிரே ஆள் இல்லாமல் அந்தப் பாகத்தை அவர் வாசித்தே இருக்க மாட்டார். முதலாமவரை மெதுவாகத் தட்டச் சொல்லிவிட்டு மைக்கை இரண்டாமவரிடம் நெருக்கி வையுங்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து, பாதி வேகத்தில். கடைசியில் மூவரும். கூடவே ஒரு போனைக் கட்டைகளுக்கு மேலே, கைகள் தெரியும்படி, கம்பில் கட்டி வீடியோ எடுங்கள். குபிக்கே இன்னொரு மரக்கட்டை வாத்தியத்தின் பாகங்களைப் படச்சுருளை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துத்தான் எழுதி எடுத்து 1965-ல் வெளியிட்டார். அவருக்கு அதற்கு ஃபிலிம் கேமரா வேண்டியிருந்தது, உங்கள் பாக்கெட்டிலேயே கேமரா இருக்கிறது. இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள்.

சுருதியைத் திருத்துவது

ஒரு பையன் அமடிண்டா பதிவைக் கணினியில் போட்டு, கட்டைகள் "ஃபால்ஸாக" இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பியானோ சுரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். புகாண்டாவில் ஒரு ஸ்தாயியை ஏறத்தாழ ஐந்து சம பங்காகப் பிரிக்கிறார்கள், ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்பது சுருதியின் அளவு, அதில் பங்குக்கு 240 சென்ட் வாக்கில் வரும். பியானோவில் அடுத்தடுத்த சுரங்களின் இடைவெளி 100 சென்ட், எப்படிக் கூட்டினாலும் 240 வராது. அதோடு அந்தச் சம பங்கும் தச்சர் தன் காதை நம்பி வைப்பது, ஒரு வாத்தியத்துக்கும் இன்னொன்றுக்கும் கொஞ்சம் மாறும், அந்த மாற்றமும் தகவல்தான். திருத்துவதற்குப் பதிலாக, பாட்டு தொடங்கும் முன் ஒவ்வொரு கட்டையையும் கீழிருந்து மேலாகத் தனித்தனியே மூன்று தடவை தட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஆப்பிரிக்க இசைப் பதிவுகளைச் சேகரித்த ஹியூ டிரேசி இதே வேலைக்குச் சுருதிக் கவைகளை (டியூனிங் ஃபோர்க்) சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்.

நியாட்டிட்டியைக் கிடார் மாதிரி பதிவு செய்வது

கென்யாவில் லுவோ மக்களின் எட்டுத் தந்தி யாழ் இது. கலைஞர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து தந்தியை மீட்டுவார், கால் கட்டைவிரலில் மாட்டிய இரும்பு வளையத்தால் வாத்தியத்தின் மரத்தைத் தட்டுவார், காலில் கட்டிய சதங்கை குலுங்கும், இத்தனைக்கும் நடுவில் பாடவும் செய்வார். தந்திக்கு நேரே ஒரு மைக்கை நெருக்கி வைத்துவிட்டு, இரும்பு டக் டக் என்று "இடைஞ்சல்" செய்கிறது, வளையத்தைக் கழற்றச் சொல்லலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அது அவருடைய தாளம் ஐயா. கொஞ்சம் தள்ளி, இடுப்பு உயரத்தில் ஸ்டீரியோவுக்கு ஒரு ஜோடி மைக் வையுங்கள், மிச்சம் கைவசம் இருந்தால் காலுக்கு ஒன்று.

மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்வது

அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் அடங்கும், அதனால் கலைஞர்கள் பாட்டைச் சுருக்கினார்கள், வேறு வழியில்லை. இப்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு ஜிபி சொச்சம் ஆகும், 64 ஜிபி கார்டில் 60 மணி நேரம் போகும். பிறகு எதற்குக் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறீர்கள்?

தகரக் கூரை

மழைக்காலத்தில் கூடவே கூடாது.

பெயர் கேட்காமல் வருவது

1950-ல் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் டிரேசி பதிவு செய்த "செமிரோச்சா" பாட்டை இணையத்தில் பலர் கேட்டிருப்பீர்கள், அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ரோஜர்ஸின் பெயர் அந்த ஊர் வாயில் மாறி இப்படி ஆனது. டிரேசி ஒவ்வொரு பதிவுக்கும் பாடியவர் பெயர், ஊர், மொழி, வாத்தியம் எல்லாம் குறித்து வைத்தார். அவர் 1954-ல் தொடங்கிய ஆப்பிரிக்க இசை நூலகம் இப்போது தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்த நூலகமும் நைரோபியின் கேடேபுல் மியூசிக் என்ற இசை அமைப்பும் சேர்ந்து 2014-ல் பதிவுகளைத் திரும்பக் கென்யாவுக்குக் கொண்டுபோனபோது, எந்த ஊரில் யாரைத் தேடுவது என்பதற்கு அந்தக் குறிப்புகள்தான் துணை. உங்கள் ஃபைலின் பெயர் "உகாண்டா டிரம்ஸ் 3 ஃபைனல்" என்று இருந்தால் நாளைக்கு யாரைத் தேடிப் போவது? பதிவின் தொடக்கத்திலேயே கலைஞரைத் தன் வாயால் பெயர், ஊர், பாட்டு, யாரிடம் படித்தது என்று சொல்லச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகம் தொலையும், ஃபைலுக்குள் இருக்கிற குரல் ஃபைலோடு போகும்.

பணம்

முதலிலேயே பேசி முடியுங்கள். முன்னிலையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

நகலை "அப்புறம் அனுப்புகிறேன்" என்பது

யாரும் அனுப்புவதில்லை. இசை ஆய்வாளர் கிளாவுஸ் வாக்ஸ்மன் 1940-களின் கடைசியிலும் 50-களின் தொடக்கத்திலும் உகாண்டாவில் பதிவு செய்தவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருந்தன, அவற்றின் நகல்கள் கம்பாலாவின் மகரேரே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலத்து டேப்புக்காவது சாக்கு உண்டு. இப்போது லேப்டாப்பும் கார்டும் கையிலேயே இருக்கின்றன. கிராமத்தில் கார்டு போட்டுக் கேட்கிற சின்ன ரேடியோ பல வீடுகளில் உண்டு, அதில் ஓடும்படி எம்பி3 நகல் ஒன்று, முழுத் தரத்தில் வேவ் நகல் ஒன்று, இரண்டையும் மலிவான இரண்டு கார்டுகளில் ஏற்றி, ஒன்றைக் கலைஞரிடமும் மற்றொன்றை ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் கொடுங்கள். அன்று மாலையே, வண்டியில் ஏறும் முன். வெட்டாத ஃபைலைக் கொடுங்கள்.